நாசில் சுத்தம் செய்யும் முறை: திருத்திய தாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்துவிட்டான் என்பீர்கள். என் மேஜைக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிற ஒரு தாளிலிருந்து வந்தது. லேமினேஷன் போட்ட தாள். மூலைக்கு மூலை ஒட்டுநாடாவும், நாடாவோடு பெயர்ந்து வந்த சுவர்ப் பெயின்ட்டும் இன்னும் இருக்கின்றன. தலைப்பு, ‘நாசில் சுத்தம் செய்யும் முறை’. கீழே பதினொரு வரிகள். பதினொன்றையும் டைப் அடித்தவன் நான். மூன்றாவது வரி தப்பு. அந்த வரியால் ராமுத்தாய் என்கிற பெண்ணுக்கு வேலை போனது.

அவ்வளவுதான் கதை. இஷ்டமிருந்தால் இங்கேயே பக்கத்தைத் திருப்பி அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குத்தான் போக முடியவில்லை. பத்து மாதமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தப்பு யார் மேல் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆரம்பித்தேன். எழுத எழுதக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறைந்தபாடில்லை. ஒரு நாள் தப்பு என்னுடையதாக இருக்கிறது, மறுநாள் அவளுடையதாக. மத்தியானம் கரண்டு போகிற இரண்டு மணி நேரத்தில் வியர்த்து வழிந்துகொண்டே எழுதினால் மெஷின்தான் குற்றவாளி என்று வருகிறது. (சிரிக்காதீர்கள். அந்தப் பிரதியும் ஒன்று வைத்திருக்கிறேன்.)

என் பெயர் தங்கச்சாமி. சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, எச்சரிக்கைத் தாள், எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கதையும் எழுதுவேன். அதை நம்பி யாரும் சோறு வைக்கவில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: “விருதுநகரிலிருந்து மல்லாங்கிணறு போகிற ரோட்டில், கண்ணுக்கெட்டிய தூரமும் கருவேலங்காடு விரிந்து கிடக்க, அதன் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு”

நிறுத்திவிட்டேன். கருவேலங்காட்டில் ஆரம்பித்தால் மழை பெய்யாததைப் பற்றி இரண்டு பக்கம் அழுதுவிடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

இரண்டாவது: “உருகிய ஈயத்துக்கு ஒரு குணம் உண்டு. சுத்தமான இடத்தில்தான் அது ஒட்டும். மனிதனோ”

அய்யய்யோ, வேண்டாம். ‘மனிதனோ’ வந்துவிட்டால் பேனாவை மூடிவிட வேண்டும்.

மூன்றாவது: “ராமுத்தாய் உள்ளே போகுமுன் வாசலில் தகடு இருக்கிறதா என்று பார்த்தாள்.”

இது இருக்கட்டும். இதில் ஆள் இருக்கிறாள்.

3

ராமுத்தாய் உள்ளே போகுமுன் வாசலில் தகடு இருக்கிறதா என்று பார்த்தாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வாசலில் ஒரு தகடு பதித்திருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், உடம்பில் தேங்கின மின்சாரம் இறங்கிவிடும். பன்னிரண்டு வருஷம் தொட்டுப் பழகிய கை. இந்தப் புதுக் கம்பெனியின் ஏ.சி. அறை வாசலிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. தொட்டுவிட்டு வாங்க, போர்டு கெட்டுப்போகும் என்றார்கள். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. எங்கன போனாலும் நம்ம சோலிதான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

(அவள் அப்படி நினைத்தது எனக்கெப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் அவள் நினைத்திருந்தால் எனக்கு வசதி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் எனக்கு வசதியானதை எல்லாம் அவள் தலையில் ஏற்றக்கூடிய ஆள்.)

அது 2008. தமிழ்நாடு முழுக்கக் கரண்டு போய்ப் போய் வந்துகொண்டிருந்த காலம். கடை கடையாக இன்வெர்ட்டர் விற்றது. எங்கள் முதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சி அச்சகமும் பட்டாசுக் கம்பெனியும் வைத்திருக்கிறவர், சும்மா இருப்பாரா? பெங்களூரிலிருந்து ஒரு பழைய மெஷினை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, இன்வெர்ட்டருக்கு உள்ளே வைக்கிற சர்க்யூட் போர்டு செய்ய ஆரம்பித்துவிட்டார். செலக்டிவ் சோல்டரிங் மெஷின். பெயரைச் சொல்லவே இரண்டு மூச்சு வேண்டும். அங்கே வேலை பார்த்த பெண்கள் ‘செலட்டி’ என்று சுருக்கிவிட்டார்கள்.

செலட்டி செய்கிற வேலை இதுதான். போர்டின் அடியில் எந்தக் கம்பி பற்ற வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் உருகிய ஈயத்தைத்* தொட்டு வைக்கும். பக்கத்தில் ஒரு சொட்டு படக் கூடாது. அதற்காகத்தான் நாசில். சுண்டுவிரல் தடிமனுக்கு ஓர் இரும்புக் குழாய். அடியில் தொட்டி நிறைய ஈயம் உருகிக் கிடக்கும். பம்பு அதை மேலே தள்ளும். நாசிலின் வாயில் அது பொங்கி நாலு பக்கமும் ஒரே சீராக வழிய வேண்டும். நாசிலில் எங்கேயாவது கறுப்புப் படிந்தால் போச்சு, ஈயம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும், தொட வேண்டிய இடத்தைத் தொடாது.

[* ஈயம் என்று எல்லாரும் சொல்கிறோமே தவிர அதில் ஈயமே கிடையாது, வெளிநாட்டுச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் வெள்ளீயம்தான் என்று இன்ஜினியர் ராஜபாண்டியன் என்னைத் திருத்தினார். அடுத்த வாக்கியத்திலேயே அவரும் ஈயம் என்றார்.]

காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம் நாசிலைச் சுத்தம் செய்வது ராமுத்தாயின் வேலை. முன்னூறு டிகிரி சூட்டில் இருக்கிற நாசிலை கறுப்பைக் கரைக்கிற ஃபிளக்ஸ் திரவம் தொட்ட பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தடவ வேண்டும். கறுப்பு கரைந்து வெள்ளியாக மினுங்குகிற வரைக்கும் தடவ வேண்டும். சுரண்டவே கூடாது, சுரண்டினால் மேல்பூச்சு போய் நாசில் செத்துவிடும். பிறகு தொட்டியின் மேலே படிகிற ஆடையை, பாலில் படிகிற மாதிரியேதான், ஒரு கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். இதை அவள் செய்கிற நேர்த்தியைப் பார்த்து ராஜபாண்டியன், “அந்தம்மா தொடைச்சா செலட்டி சொன்ன பேச்சுக் கேக்கும்” என்பார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை.

அவளுக்கு இந்த வேலை வெறும் வேலை இல்லை. அக்கா வெள்ளைத்தாயும் அவளும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தியவர்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் ராமுத்தாய்க்குக் காய்ச்சல், போகவில்லை. அக்கா போனாள். உயிர் தப்பியது. கை தப்பவில்லை. வெந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காலையில் அக்காவுக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் ராமுத்தாய், அச்சங்குளத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் வந்து வேன் ஏறுவாள். செத்தாலும் இனி மருந்து ரூமுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று அக்கா முன்னால் சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொடுத்தது இந்த நாசில்தான்.

4

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும்.

அண்ணாச்சி ஒன்பது பக்க இங்கிலீஷ் புத்தகத்தை என் மேஜையில் போட்டார். “ஏய்யா தங்கச்சாமி, இதப் பொம்பளப் பிள்ளைகளுக்குப் புரியிற மாரி தமிழ்ல ஒரே தாள்ல அடிச்சிக் குடு. பெரிய எழுத்தா இருக்கட்டும்.”

ஒரே நாளில் வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கம்ப்யூட்டரில் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தேன். பட்டாசுக் கம்பெனிச் சுவர்களுக்காக வருஷா வருஷம் நான் அடிக்கிற எச்சரிக்கைத் தாள் அது. சிவப்புக் கட்டம், வரிசை எண், எழுத்தின் அளவு எல்லாம் தயாராக இருந்தது. பழைய வரியை அழித்துப் புது வரியைப் போட்டுக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான், யாரும் வெறும் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. முதல் வரியை மாற்றினேன், இரண்டாவதை மாற்றினேன். மூன்றாவது வரி இப்படி இருந்தது:

‘இரும்புக் கருவிகளைப் பயன்படுத்தாதீர். பித்தளை, மரக் கருவிகளையே பயன்படுத்தவும்.’

மாற்றவில்லை.

இரும்பில் இரும்பு பட்டால் பொறி பறக்கும். மருந்து அறையில் இந்த வரிதான் உயிர். இங்கிலீஷ் புத்தகத்தில் இதே இடத்தில் இருந்தது நேர் எதிர்: தொட்டிக்குள் எவர்சில்வர் கரண்டி மட்டுமே போகலாம், பித்தளையும் செம்பும் பக்கத்திலேயே வரக் கூடாது. பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது. உருகிய வெள்ளீயத்தில் பித்தளை மெல்ல மெல்லக் கரைந்துபோகும்.

நான் அந்த வரியைப் பார்க்காமல் விட்டேனா, பார்த்துச் சரிதான் என்று விட்டேனா? சத்தியமாகச் சொல்கிறேன், தெரியவில்லை. மூன்று முறை புரூஃப் பார்த்தேன். இருபது வருஷமாகக் கண் பார்த்துப் பார்த்துப் பழகின வரி, சொந்தத் தெருவைப் பார்க்கிற மாதிரி பார்த்திருப்பேன்.

தாளை ஒட்ட நானே போனேன். மெஷினுக்கு வலப்பக்கச் சுவர். ஒட்டி முடித்துத் திரும்பினால் ராமுத்தாய் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரிக்கு வந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அண்ணே, இங்கனயும் பித்தளதானா?”

“ஆமாம்மா. பித்தளதான்.”

“அதான பாத்தேன். இந்த எவர்சில்வர் கரண்டிய உள்ள விடும்போதெல்லாம் எனக்கு ஈரக்கொல நடுங்குதுண்ணே. எங்கிட்ட ஒரு பித்தளக் கரண்டி இருக்கு, எடுத்தாந்துருதேன்.”

“எடுத்துட்டு வாங்க” என்றேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஒரு வாசகி என் வரியைப் படித்து அந்த இடத்திலேயே மகிழ்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

4அ

மேலே இருக்கிற பேச்சு இல்லாத ஒரு பிரதியும் எழுதினேன். அதில் ராமுத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. தாளை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் தானாகவே பித்தளைக்குப் போய்விடுவாள். எழுதி முடித்ததும் மனசு லேசாகி, போய் இரண்டு வடை தின்றுவிட்டு வந்தேன். மறுநாள் படித்துப் பார்த்தால் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒருத்தியை நான் தப்பிப்பதற்காகத் தற்குறியாக்கியிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

மெஷினைக் குற்றவாளியாக்கிய பிரதியைக் கிழிக்கவில்லை. அதில் யாருக்கும் வலிக்கவில்லை. கதையும் இல்லை.

5

(இந்தப் பகுதியை எழுதாமல் நாலு தரம் நேரடியாக ஆறுக்குத் தாவினேன்.)

ஒன்றரை மாதம் கழிந்தது. போர்டு வாங்குகிற கோயம்புத்தூர்க்காரன் லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டான். பற்றவைத்த இடமெல்லாம் ரவை ரவையாக இருக்கிறது, தட்டினால் விட்டுவிடுகிறது என்றான். நாசிலில் ஈயம் முன்போல வழியாமல் கூழ் மாதிரி தேங்கியது. ராமுத்தாய் தன் பிரஷ்ஷைத்தான் சந்தேகப்பட்டாள். புது பிரஷ் கேட்டாள். இன்னும் நன்றாகச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று காலையில் இரண்டு தரம், மத்தியானம் இரண்டு தரம் ஆடை எடுத்தாள். எடுக்க எடுக்க ஆடை கூடியது. கூடக் கூடக் கரண்டியை இன்னும் ஆழமாக விட்டாள். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்த இடத்தை எழுதும்போதெல்லாம் எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு தரமும் அக்கறையாகத்தான் கெடுத்தாள்.

தொட்டி ஈயத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். துத்தநாகமும் செம்பும் ஏகப்பட்டது கலந்திருக்கிறது என்று காகிதம் வந்தது. அது வந்த காலையில் நான் பெட்டி லேபிளின் மாதிரி காட்ட அண்ணாச்சியைப் பார்க்கப் போர்டுக் கம்பெனிக்குப் போயிருந்தேன். வராந்தாவில் ராஜபாண்டியன் பொரிந்துகொண்டிருந்தார். “ஜிங்க் எங்கனயிருந்துய்யா வரும்? எவனோ பித்தள எதையோ உள்ள விட்ருக்கான்!”

மூன்றாவது வரி ஞாபகம் வந்தது. ஏ.சி. அறைக்குள் போனேன். யாரும் இல்லை. சுவரிலிருந்த தாளை உரித்தேன். சுருட்டினேன். லேபிள் மாதிரிகளோடு கக்கத்தில் வைத்துக்கொண்டேன். இவ்வளவுக்கும் ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. இருபது வருஷத்தில் நான் அவ்வளவு சுறுசுறுப்பாக எந்த வேலையையும் செய்ததில்லை.

பிறகு அங்கேயே இருந்த அண்ணாச்சி அறை. அவர் நாற்காலியில், ராஜபாண்டியன் பக்கத்தில், நான் லேபிளோடு ஓரமாக. ராமுத்தாயைக் கூப்பிட்டு, எதைக் கொண்டு வழிக்கிறாய், எடுத்து வா என்றார்கள். போனாள். போனவள் கொஞ்சம் தாமதித்தே வந்தாள். கரண்டியை மேஜை மேல் வைத்தாள். அதன் விளிம்பு கரையான் தின்றது போல அரித்துப் போயிருந்தது. கால்வாசிக் கரண்டியைக் காணோம். அது முழுக்கத் தொட்டிக்குள் போயிருந்தது.

“ஏம்மா, பித்தளய உள்ள விடச் சொல்லி ஒனக்கு யாரு சொன்னா?” அண்ணாச்சி சத்தம் போடவில்லை. நிஜமாகவே கேட்டார்.

ராமுத்தாய் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு குனிந்துகொண்டாள்.

“யாரும் சொல்லல மொதலாளி.”

“நீயா எடுத்தியா?”

“ஆமா.”

என் வாயில் கொழுக்கட்டை. அன்று சாயங்காலமே அவளைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, யாரும் கேட்காமலே, மூன்றாவது வரியைத் திருத்தி நான் புதுத் தாள் ஒட்டினேன்.

6

முடிவுகள்.

முடிவு ஒன்று. அவள் என்னைப் பார்த்ததும் நான் முன்னே வருகிறேன். “அண்ணாச்சி, தப்பு என்னுடையது” என்று தாளை மேஜையில் விரிக்கிறேன். அண்ணாச்சி திகைக்கிறார். ராமுத்தாய் கண் கலங்குகிறாள். (நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு பக்கம் வந்தது. நடக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.)

முடிவு இரண்டு. என் குடும்பத்தையும் என் வேலையையும் நினைத்து இரக்கப்பட்டு அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தானே சுமக்கிறாள். போகும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறாள். (இதைத்தான் பத்து மாதமும் நம்பிக்கொண்டிருந்தேன். இதை நம்பினால் எனக்குத் தூக்கம் வருகிறது.)

முடிவு மூன்று. யார் மேலும் தப்பில்லை. பட்டாசு ஊரில் ஒரு மெஷின் வந்து இறங்கினால் அந்த ஊரின் பழக்கம் அதற்குள்ளும் நுழையத்தான் செய்யும். காலம் என்னும்

(காலமாவது கத்திரிக்காயாவது. விட்டுவிட்டேன்.)

எதுவும் நிற்கவில்லை. கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் எடுத்துக்கொண்டு சாத்தூருக்கு பஸ் ஏறி, அங்கிருந்து அச்சங்குளம் போனேன்.

7

வீட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே படுத்திருந்தாள். என்னைப் பார்த்து ராமுத்தாய் ஆச்சரியப்படவில்லை.

“வாங்கண்ணே. தாள் ஒட்ட வந்தவருதான நீங்க? சாப்பிட்டீகளா?”

சுற்றி வளைத்து, இழுத்து, தண்ணீர் குடித்து, ஒருவழியாகக் கதை எழுதுகிறேன் என்று சொன்னேன். மூன்று முடிவுகளையும் படித்துக் காட்டினேன். முதல் முடிவில் நான் முன்னே வந்து பேசுகிற இடத்தில் அவள் வாய் விட்டுச் சிரித்தாள்.

“ஆத்தாடி! இம்புட்டு தைரியம் ஒங்களுக்கு எங்கனயிருந்துண்ணே வந்துச்சு?”

இரண்டாவது முடிவில் சிரிக்கவில்லை. குழாயைக் கீழே வைத்தாள்.

“நான் எதுக்கு ஒங்களுக்காகப் பழி சொமக்கணும்? ஒங்க பேரு கூட எனக்குத் தெரியாது. கரண்டி எடுக்கப் போனேன்ல, அப்ப அந்தத் தாளயும் பிச்சு எடுத்தாந்து மொதலாளி முன்னால போடணும்னுதான் போனேன். போயிப் பாத்தா செவுத்துல தாளு இல்ல. மெஷினச் சுத்தித் தேடுனேன். திரும்பி வந்தா ஒங்க கக்கத்துல சுருட்டி வச்சிருக்கீக.”

“பாத்தீங்களா?”

“செவப்புக் கட்டம் வெளிய தெரிஞ்சதுல்லா. ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க சொல்லுவீகன்னு நெனச்சேன்.”

“நீங்களே சொல்லியிருக்கலாமேம்மா.”

“இல்லாத தாளப் பத்திச் சொன்னா யாருண்ணே நம்புவா? கூட நிக்கிற நீங்களே வாயத் தெறக்கல.”

குழாயைத் திரும்ப எடுத்து உருட்டினாள். அப்புறம் அவளே, பித்தளை உள்ளே போனால் அப்படி என்னதான் ஆகும் என்று கேட்டாள். இத்தனை நாளும் அவளிடம் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், பித்தளை ஈயத்தில் கரைவதை, ரவை விழுவதை. காது கொடுத்துக் கேட்டாள்.

“இத மொதல்லயே ஒருத்தர் சொல்லியிருந்தா நான் ஏன் விடப்போறேன்? பித்தளப் பானைக்கு ஈயம் பூசுறாக, ரெண்டுக்கும் ஆகும்னுல்ல நெனச்சேன். ஒண்ணு சொல்லட்டுமாண்ணே, நீங்க தாள் ஒட்டாட்டியும் நான் பித்தளைக்குத்தான் போயிருப்பேன். கையி அப்படி.”

எனக்குள் ஏதோ ஒன்று குதித்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

“அதுக்காகத் தப்பிச்சிட்டேன்னு நெனச்சிராதீக. ஒட்டாம இருந்தா அது என் தப்பு. ஒட்டினீகளே.”

என்ன முடிவு வைக்கலாம் என்று கேட்டேன். இதை எழுதுவதற்கே கூசுகிறது, ஆனால் கேட்டேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சீசன் நெருங்குது. ஆளு பத்தலைன்னு பட்டாசுக் கம்பெனி போர்மேன் வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. வர்ற திங்கக்கெழம இல்ல, அடுத்த திங்கக்கெழமயிலருந்து மருந்து செலுத்துற ரூமுக்குப் போறேன். அக்காட்ட டப்பா ஒட்டப் போறதாச் சொல்லியிருக்கேன். கொழாய் உருட்டி ரெண்டு பேரு சாப்பிட முடியல. எனக்குப் பயமா இருக்குண்ணே. நெசமாவே பயமா இருக்கு. கதைக்கு முடிவு கேக்க இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீகளே, மொதலாளியோட அச்சாபீஸ் ரூமு ஒங்க மாடியிலதான இருக்கு?”

8

இனி வருவது ஒரே ஒரு வாசகருக்கு. மற்றவர்கள் ஏழோடு நிறுத்திக்கொண்டாலும் கதை குறைந்துபோகாது.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையானாலும் மெஷினிலிருந்து வருகிற முதல் நல்ல தாளை அண்ணாச்சி மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ஓரத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டால்தான் மிச்சம் ஓடும். இந்தத் தீபாவளி மலரும் எங்கள் அச்சகத்தில்தான் ஓடுகிறது, வரும் வியாழக்கிழமை. இந்தக் கதை இருக்கிற தாளையும் நான்தான் கட்டியிருக்கிறேன்.

ஆகவே இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால் ஒன்று நிச்சயம். அண்ணாச்சி இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். படித்துவிட்டுப் போட்டாரா, மை சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போட்டாரா, அதுதான் தெரியாது. சாதாரணமாக அவர் எழுத்தைப் படிப்பதில்லை.

அண்ணாச்சி, படிக்கிறீர்கள் என்றால், மூன்றாவது வரி நான் அடித்தது. பித்தளைதான் என்று வாயாலும் சொன்னேன். தாளை உரித்து ஒளித்ததும் நான்தான், என் மேஜைக்கு அடியில் இருக்கிறது, ஆளனுப்பி எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணின் பெயரை மாற்றியிருக்கிறேன், உங்களுக்கு ஆளைத் தெரியும். என் பெயரை மாற்றவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அச்சங்குளம் விலக்கில் அவள் பட்டாசுக் கம்பெனி வேனுக்காக நிற்பாள். நம்முடைய போர்டுக் கம்பெனி வேனும் அந்த வழியாகத்தான் வருகிறது. அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாசிலை அவளை மாதிரித் துடைக்க இப்போதும் ஆளில்லை என்று ராஜபாண்டியன் நேற்றுக்கூடச் சொன்னார்.

மற்ற வாசகர்களுக்கு: மலர் உங்கள் கைக்கு வரும்போது அந்தத் திங்கட்கிழமை போயே போயிருக்கும். எந்த வேனில் ஏறினாள் என்பது உங்கள் உலகத்தில் முடிந்துபோன சங்கதி. எனக்கு இன்னும் தெரியாது, எனக்கு இன்று செவ்வாய்க்கிழமை. அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தால் விசாரித்து முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நேரில் போய்ச் சொல்லாமல் வியாழக்கிழமைத் தாளை எதற்கு நம்புகிறாய் என்று கேட்பீர்கள். அவளும் அதைத்தான் கேட்டாள். அண்ணாச்சி வந்துவிட்டார், மாடிப்படிக்குக் கீழே அவர் செருப்புக் கிடக்கிறது. மேஜைக்கு அடியிலிருந்த தாளைக் கையில் எடுத்துவிட்டேன். இந்த ஒரு வரியை மட்டும் முடித்துவிட்டு நான்